வெளியே போட்ட தாழ்ப்பாள்

முப்பத்தொரு வருடம் நான் கதவு மாட்டினேன். பஸ் கதவு, வேன் கதவு, ஆம்புலன்ஸ் கதவு. கடைசிச் சில வருடங்களில், பழைய பஸ்ஸை வாங்கி உள்ளே படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்துக்கொள்கிறார்களே, அந்த வீட்டு வண்டிகளின் கதவு. நசரத்பேட்டைப் பக்கம் பெங்களூர் ரோட்டோரம் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஒரு ஷெட், அங்கேதான் என் வேலை முழுவதும். எத்தனை கதவு மாட்டினேன் என்று எண்ணியதில்லை. ஆனால் ரோட்டில் ஒரு வண்டி நின்று கதவு சாத்தும் சத்தம் கேட்டால், அதைச் சரியாக மாட்டியிருக்கிறார்களா இல்லையா என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். எனக்கு அதில் பெருமை உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

வேலையை விட்ட பிறகும் ஆயுத பூஜைக்குக் கூப்பிடுவார்கள். இந்த வருடம் போனபோது ஒரு வீட்டு வண்டி பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. கதவில் சாவித் துவாரமே இல்லை. பொத்தானை அமுக்கினால் பூட்டிக்கொள்கிறது. போனில் இருந்தும் பூட்டலாமாம். டில்லி என்னோடு இருபது வருடம் வேலை பார்த்தவன். இப்போது அங்கே அவன்தான் ஃபோர்மேன். பொரியை மென்றுகொண்டே கேட்டான்.

"யக்கா, இந்த வண்டிக்காரரு வெளிப்பக்கமா ஒரு தாழ்ப்பாவும் போட்டுக் குடுன்றாரு. ஊட்ல சின்னப் புள்ளிங்க கீதுங்களாம், வண்டி நின்னா தொறந்துகினு ஓடுதுங்களாம். முடியாதுன்னா, ஏன்யா முடியாதுன்னு எகிர்றாரு. நான் இன்னான்னு சொல்றது?"

"நான் எழுதித் தரேன். அவருகிட்ட குடு."

"நீயா? எழுதியா?" என்று சிரித்தான்.

நான்தான். வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு வேறு ஷெட்டுக்குப் போய்விடுவார்கள். எழுதி வைத்தால் ஒருமுறையாவது படிப்பார்கள். நிதானமாகத்தான் எழுதுவேன், பிழை இருந்தால் டில்லி திருத்துவான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஷெட்டில் நான் சேர்ந்தது பெருக்குவதற்கு. தகரத் துண்டும் டிரில் துகளும் அள்ளிக் கொட்டுவதற்கு. ஷெட் வருவதற்கு முன் அந்த இடம் நெல் வயல். என் அம்மா அதில் கூலிக்கு நாற்று நட்டவள். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. முதுகு ஒடியும், சேறு காலைப் புண்ணாக்கும். இரும்பு பிடித்திருந்தது.

கதவுக்கு எப்போதும் இரண்டு ஆள் வேண்டும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். ஒருநாள் ஆள் குறைந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து பிடி என்றார்கள். கதவு என்பது இரண்டு தகடு, நடுவில் காலி. பூட்டின் நட்டு அந்தக் காலிக்குள் இருக்கும். உள்தகட்டில் ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். அதன் வழியாகக் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல், விரலால் தேடி நட்டை ஏற்ற வேண்டும். ஆண்களின் கை பாதிக்கு மேல் போகாது. தகட்டின் விளிம்பு கீறிக் ரத்தம் கொட்டும். என் கை போனது. அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பிறகு நான் பெருக்கவில்லை.

கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கீல் நேராக நிற்க வேண்டும். கதவு தொங்கக் கூடாது. பூட்டின் நாக்கு பள்ளத்தில் முழுக்க உட்கார வேண்டும். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் நாக்கு தானாக வெளியே வரக் கூடாது. இவ்வளவுதான் பாடம். இதைக் கை கற்றுக்கொள்ள ஏழு வருடம் ஆனது.

எங்கள் மேஸ்திரியின் பெயர் தணிகாசலம். ஒல்லியான ஆள். தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. அதிர்ந்து பேச மாட்டார். ஒரு கதவு அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் திட்ட மாட்டார், கழற்று என்றும் சொல்ல மாட்டார். அதன் முன்னால் ஒரு டயரைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். மாட்டியவன் தானாக வந்து கழற்றும்வரை எழுந்திருக்க மாட்டார். டில்லி ஒருமுறை ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தான். பிறகு, "நைனா, எயுந்து போ நைனா, கழட்டிட்டேன்" என்று கெஞ்சினான்.

எந்த வண்டியும் ‘பிரசவம்’ ஆகாமல் ஷெட்டை விட்டுப் போகாது. இது எங்கள் ஷெட்டுக்கு மட்டும் உள்ள சொல். வேறு ஷெட்டில் கேட்டால் சிரிப்பார்கள். கதவு வேலை எல்லாம் முடிந்ததும் மேஸ்திரி தனியாக வண்டிக்குள் ஏறுவார். ஜன்னல்களை எல்லாம் சாத்தச் சொல்வார். நாங்கள் வெளியே இருந்து கதவைப் பூட்டுவோம். அவர் பச்சைத் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றுவார், திசை மறந்து போவதற்காக. வலது கையை முதுகுக்குப் பின்னால் இடுப்பில் சொருகிக்கொள்வார். பிறகு இடது கையால் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்து, கைப்பிடியைக் கண்டுபிடித்து, திறந்துகொண்டு வெளியே வர வேண்டும். வெளியே டில்லி சத்தமாக எண்ணுவான். இருபதுக்குள் வந்துவிட்டால், "கொயந்த பொறந்திச்சு டோய்!" என்று கத்துவான். வராவிட்டால் அந்தக் கதவை நாங்கள் மறுபடி செய்ய வேண்டும்.

"பிரசவம்னா கன்னியம்மா அக்காதான பாக்கணும், மேஸ்திரிக்கு இன்னா வேல?" என்று பையன்கள் என்னைக் காட்டிக் கிண்டல் செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கட்டை அவிழ்த்து, பாக்கெட்டில் இருந்து சாக்பீஸ் எடுத்து, கதவின் உள்பக்கம் மேல் மூலையில் ஒரு டிக் போடுவார். டிக் விழுந்துவிட்டால் அதோடு சரி. அந்தக் கதவை அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது. ஒரு திருகாணியைக்கூட இறுக்கக் கூடாது. ஷெட்டில் அலுமினியம் திருடியவனை மன்னித்திருக்கிறார். டிக் விழுந்த கதவைத் தொட்டவனை அன்றே அனுப்பியிருக்கிறார்.

ஏன் இப்படி என்று நான் ஒருமுறைதான் கேட்டேன். வாலிபத்தில் எரிந்துபோன ஒரு வண்டியின் கதவை உடைக்க அவரைக் கூட்டிப்போனார்களாம். என்ன பார்த்தார் என்று சொல்லவில்லை. "உள்ள இருந்தவன் கைக்கு ஒண்ணும் அம்புடல கன்னிமா" என்று மட்டும் சொன்னார்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலையை விடுவதற்கு மூன்று வருடம் முன்பு சுந்தரம் சார் ஒரு பழைய பள்ளிக்கூட பஸ்ஸோடு வந்தார். ஆவடியில் ஃபேக்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட அவர் மனைவி ராஜேஸ்வரி அம்மா, மகன் அருள். அருளுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. நல்ல வாட்டசாட்டமான ஆள். பேச்சு வராது. இடது உள்ளங்கையை இடது காதில் அழுத்தியபடியே இருப்பான். சாப்பிடும்போது, நடக்கும்போது, தூங்கும்போதும்கூட அந்தக் கை காதை விட்டு இறங்காது. சத்தம் தாங்காதாம்.

"வீட்டுல இருந்தா தலையச் செவுத்துல மோதிக்கிறான்மா," என்று ராஜேஸ்வரி அம்மா என்னிடம் சொன்னார். "வண்டி ஓடினா அமைதியாயிடுறான். வண்டியிலதான் தூங்குறான். அதான், வீட்டையே வண்டியாக்கிரலாம்னு அவர் முடிவு பண்ணிட்டார்."

சீட்டை எல்லாம் எடுத்துவிட்டு மூன்று படுக்கை போட்டோம். டிரைவர் சீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு, ஏனென்றால் அருள் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பான். பழைய மடிப்புக் கதவை எடுத்துவிட்டு, வீட்டுக் கதவு மாதிரி ஒற்றைக் கதவு மாட்டினேன். ஜன்னல் கம்பிகள் பள்ளிக்கூட பஸ்ஸின் பழைய கம்பிகள்தான், அப்படியே விட்டோம். பின்னால் இருந்த அவசரக் கதவையும் மேஸ்திரி எடுக்க விடவில்லை.

வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஒருநாள் அது நடந்தது. அளவு பார்க்க மூவரும் வந்திருந்தார்கள். அருள் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். நின்ற வண்டியில் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. கதவைத் திறந்தான், இறங்கினான், ஓடினான். நேராக ஹைவேக்கு. ஒரு கண்டெய்னர் லாரி பிரேக் அடித்த சத்தத்தில் ஷெட்டே வெளியே வந்துவிட்டது. டில்லிதான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டை கிழிந்து டில்லியின் கையில் இருந்தது. ராஜேஸ்வரி அம்மா அழவில்லை. கத்தவில்லை. கிழிந்த சட்டையை டில்லியிடம் இருந்து வாங்கி, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் பார்த்தேன்.

அன்றைக்கே சுந்தரம் சார் மேஸ்திரியிடம் கேட்டார். வெளியே ஒரு தாழ்ப்பாள். வண்டி நிற்கும்போது மட்டும் தான் இறங்கிப் போட்டுக்கொள்வேன் என்றார்.

"நம்ம ஷெட்ல அது கெடையாது சார்," என்றார் மேஸ்திரி.

"என் பிள்ளை ஓடினதை நீங்களே பாத்தீங்களே."

"பாத்தேன் சார்."

"அப்புறம்?"

"கெடையாது சார்."

பிரசவம் நடந்தது. மேஸ்திரி டிக் போட்டார். மறுநாள் காலையில் வண்டியை எடுத்துப் போவதாகப் பேச்சு. மேஸ்திரி அன்று சீக்கிரம் கிளம்பிவிட்டார். சுந்தரம் சார் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். மகன் உள்ளே இருந்தான், ராஜேஸ்வரி அம்மா அன்று வரவில்லை.

நானேதான் சொன்னேன். "சார், நான் போட்டுத் தரேன். மேஸ்திரிக்குத் தெரிய வேணாம்."

நல்ல கனமான தாழ்ப்பாள் ஒன்றைத் தேடி எடுத்தேன். எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. கதவுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக அருள் கையை நீட்டி அதைத் திறந்துவிடக் கூடாது. அதனால் சார் வெளியே நின்று ஒரு பிஸ்கட்டை நீட்டினார். அருள் வலது கையைக் கம்பி வழியாக முழுதாக நீட்டினான். அவன் விரல் நுனி வந்து நின்ற இடத்தில் இருந்து ஒரு சாண் தள்ளி நான் குறி போட்டேன். நாலு போல்ட். நட்டை இறுக்கியபோது, ஒரு தாயின் வயிற்றில் பாலை வார்த்தேன் என்றுதான் நினைத்தேன். டில்லி பார்த்தான். "டிக் வியுந்த கதவுக்கா," என்றான். "நீ உன் வேலயப் பாரு," என்றேன்.

நாலு மாதம் கழித்து அந்த வண்டி திரும்பி வந்தது. ஓட்டி வந்தவர் ராஜேஸ்வரி அம்மாவின் தம்பி. சுந்தரம் சார் உள்ளே ஒரு நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பக்கத்தில் அருள், காதைப் பொத்திக்கொண்டு.

ராஜேஸ்வரி அம்மா இறங்கி வந்து, வெளித் தாழ்ப்பாளைத் தொட்டுக் காட்டினார். "இதைப் போட்டது யாரு?"

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "இது நம்ம வேல இல்லம்மா. சார் வேற எங்கனா போட்டுகினு இருப்பாரு. எங்கிட்ட கேட்டாரு, நான் முடியாதுன்னுட்டேன்." கதவைத் திறந்து உள்பக்கம் காட்டினார். "தோ பாருங்க, என் டிக்கு அப்பிடியே கீது. நான் டிக் போட்ட கதவ என் ஷெட்ல எவனும் தொட மாட்டான்."

டில்லி என் பக்கத்தில் நின்றான். உதடு அசையாமல், "யக்கா, கம்முனு இரு" என்றான்.

அந்த அம்மா நடந்ததைச் சொன்னார். காவேரிப்பாக்கம் தாண்டி, பகல் நேரத்தில் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார்கள். சார் இறங்கி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, பாட்டிலில் தண்ணீரோடு முன்பக்கம் போயிருக்கிறார். ஜன்னலுக்கு நேராக, நாலு அடி தூரத்தில், அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். பின்னால் இருந்த அவசரக் கதவை, அருள் அதை இழுக்கத் தொடங்கியதால், சாரே திருகாணி போட்டு அடைத்திருந்தார். வெளியே தாழ்ப்பாள் போடலாம் என்றால் இதையும் அடைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்ற வைத்தது நான்.

"எவ்வளவு நேரம் கத்தினேன்னு தெரியாதும்மா," என்று ராஜேஸ்வரி அம்மா பொதுவாகச் சொன்னார், யார் முகத்தையும் பார்க்காமல். "அவர் கையில இருந்த பாட்டில் சாஞ்சு தண்ணியெல்லாம் மண்ணுல ஊறுச்சு. அப்புறம் அந்த எடம் காஞ்சுது. முழுசா காஞ்சுது. அவ்வளவு நேரம். ரெண்டு பேர் பைக்குல வந்து நின்னாங்க. இவன் உள்ள தலைய மோதிக்கிட்டு இருந்தான். வெளிய தாழ்ப்பாளைப் பாத்தாங்க. பைத்தியத்தைப் பூட்டி வெச்சிருக்காங்கன்னு பயந்துட்டாங்க. தொறக்காமப் போயிட்டாங்க. கடைசியில கொய்யாப்பழம் விக்கிற ஒரு அம்மாதான் தொறந்துச்சு. டாக்டர் சொன்னார், கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா கையும் பேச்சும் தங்கியிருக்கும்னு."

மேஸ்திரி தன் வார்த்தையைக் கொடுத்துவிட்டார். சார் இனி பேசி என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அது அப்படியே போய்விடும். இதை மறைக்காமல் எழுதுகிறேன். போய்விடட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

பிறகு, "அது என் வேல மேஸ்திரி" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்க நேரம் எடுத்துக்கொண்டார். "எப்போ?"

"நீங்க டிக் போட்ட அன்னிக்கு. சாயங்காலம்."

"டிக்குக்கு அப்பறமா?"

"ஆமா."

அவர் பச்சைத் துண்டை எடுத்து அந்த டிக்கைத் துடைத்தார். மெதுவாக, சாக்பீஸ் தூள் ஒட்டாமல் போகும்வரை. பிறகு ஒரு டயரின் மேல் போய் உட்கார்ந்துவிட்டார்.

ராஜேஸ்வரி அம்மா என் கையைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் தம்பியிடம் சொல்லிச் சாரையும் அருளையும் கீழே இறக்கி நிழலில் உட்கார வைத்தார். "கொஞ்சம் உள்ள ஏறும்மா," என்றார். ஏறினேன். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டேன். எந்தக் கையை? கதவுத் தகட்டுக்குள் எந்த ஆணின் கையும் போகாத இடத்துக்குப் போன கையை. அந்தக் கையால்தானே ஷெட்டில் எனக்கு மரியாதை. தோள் இடிக்கும்வரை நீட்டினேன். தாழ்ப்பாள் என் விரலுக்கு ஒன்றரைச் சாண் தள்ளி இருந்தது. அந்தத் தூரத்தை அளந்து குறித்தவள் நான்தான். சரியாக அளந்திருந்தேன். ஒரு விரற்கடை பிசகவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் மண் தரை தெரிந்தது. அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைப் பார்க்க முடியவில்லை. நான் தட்டவில்லை. யாரையும் கூப்பிடவில்லை.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவரே திறந்தார்.

"நான் சண்டை போட வரலைம்மா," என்றார். "நீங்க நல்லதுக்குத்தான் போட்டீங்க. இதை எடுத்துட்டா இவன் ரோட்டுக்கு ஓடிருவான். எடுக்காட்டி இன்னொரு நாள் நான் உள்ள நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். வண்டிய விட்டுட்டு வீட்டுல இருக்கவும் முடியலை. என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். "என்ன ஏன் பாக்கற?" என்றார். "உன் வேலதான? செய்யி."

முதலில் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். பின்கதவின் திருகாணிகளையும் கழற்றி எறிந்தேன். பிறகு மூன்று நாள் அருளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்காகவும் அந்த இடது கை காதை விட்டு வரவில்லை. ஒரே கையால்தான் அவன் எதையும் திறப்பான். அதை வைத்துப் பூட்டை மாற்றினேன். உள்பக்கம் இரண்டு கைப்பிடி. ஒன்று வழக்கமான இடத்தில், இடுப்பு உயரத்தில். இன்னொன்று கதவின் அடுத்த ஓரத்தில், தலை உயரத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் நாக்கு உள்ளே போகும். ஒன்றை விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். பின்கதவுக்கும் அப்படியே. ராஜேஸ்வரி அம்மா இரண்டு கையாலும் இழுத்தார், கதவு திறந்தது. அருள் ஒரு கையால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். எனக்கு மூச்சு வந்தது.

மூன்று நாளாக என்னோடு பேசாத மேஸ்திரி வந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். இருபதுக்குள் வந்துவிட்டார், இரண்டு கையாலும். டில்லி கத்தவில்லை. மேஸ்திரி கட்டை அவிழ்த்து, நிழலில் உட்கார்ந்திருந்த சுந்தரம் சாரைக் காட்டினார்.

"சாருக்கு எத்தினி கை கீது கன்னிமா?"

மகனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்பாவின் கையைப் பார்க்கவில்லை. இரண்டு கை உள்ளவர் அந்த வீட்டில் ஒருவர்தான். அவர் விழுந்தால்?

"வெளிய இருந்து எவன் வேணா தொறக்கற மாதிரி செய்யி," என்றார் மேஸ்திரி. "சாவி வேணாம், பூட்டு வேணாம். சும்மா இயுத்தா தொறக்கணும். சாரு எடக் கையாண்ட ஒரு ஹாரன் பட்டன் வையி."

"திருடன் வந்தா?" என்று ராஜேஸ்வரி அம்மா கேட்டார்.

"வரட்டும்மா. அவன்கூட தொறந்துட்டுத்தான திருடுவான்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். நாலு நாளில் அன்றுதான்.

வெளியே, அருளின் கைக்கு எட்டாத இடத்தில், அகலமான கைப்பிடி போட்டேன். ஹாரன் பட்டன் வைத்தேன். ஆனால் பைக்கில் வந்தவர்கள் பயந்து போனார்களே, அதற்கு என்ன செய்வது? கதவில் எழுதிவிடலாம் என்றேன். நம்பர் எழுதுகிற பெயிண்டரைக் கூப்பிடட்டுமா என்று டில்லி கேட்டான். மேஸ்திரி வேண்டாம் என்றார். "தாழ்ப்பா போட்ட கைதான எழுதணும். அவளே எழுதட்டும்."

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்புவரை. அப்போது கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். சிவப்பு எனாமல் பெயிண்டை எடுத்துக்கொண்டு, சாக்பீஸால் கோடு கிழித்து, மதியத்தில் இருந்து சாயங்காலம் வரைக்கும் எழுதினேன். ‘உள்ளே ஆள் இருக்கிறோம். பயம் வேண்டாம். ஹாரன் அடித்தால் கதவை திரக்கவும்.’

டில்லி தலையைச் சாய்த்துப் பார்த்தான். "யக்கா, பெரிய ‘ற’ வரணும்கா. நீ சின்ன ‘ர’ போட்டுட்ட."

எனக்கு முகம் சுட்டது. துடைக்கத் துணியை எடுத்தேன்.

"படிச்சா புரியுதா?" என்று மேஸ்திரி டில்லியிடம் கேட்டார்.

"புரியுது."

"அப்ப உடு."

அந்த வண்டிக்கு அவர் டிக் போடவில்லை. ஒரு கை ஆள் திறக்க முடியாத கதவுக்குத் தன் டிக் கிடையாது, ஆனால் வேறு வழி தனக்கும் தெரியவில்லை என்று ராஜேஸ்வரி அம்மாவிடமே சொல்லி அனுப்பினார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம் ராஜேஸ்வரி அம்மா வீடு தேடி வந்தார். தெருவில் அந்த வண்டி நின்றது. வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கப் போவதாகச் சொன்னார். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வண்டியை நிறுத்திவிட்டு அவர் தம்பி சாப்பாடு வாங்க ரோட்டைக் கடந்து போயிருக்கிறார். உள்ளே ராஜேஸ்வரி அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம். விழுந்துவிட்டார். சார் இடது கையால் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். ஹைவேயில் ஹாரனை யார் கேட்கிறார்கள்? போனவர்கள் எல்லாம் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஸ்கூட்டரில் வந்த இரண்டு காலேஜ் பெண்கள்தான் நின்றிருக்கிறார்கள்.

"அதுங்க ஹாரனைக் கேட்டு நிக்கலைம்மா," என்றார். "‘திரக்கவும்’னு தப்பா எழுதியிருக்குல்ல, அதைப் பாத்துச் சிரிச்சு, போட்டோ எடுக்க நின்னிருக்குங்க. கிட்ட வந்தப்புறம்தான் ஹாரன் உள்ள இருந்து அடிக்குதுன்னு தெரிஞ்சிருக்கு. படிச்சுட்டு உடனே தொறந்துருச்சுங்க."

"அருள்?"

"ஓடினான். ஒரு பொண்ணு ஸ்கூட்டர் சாவியக் கீழ போட்டுட்டு அவன் பின்னாலயே ஓடிப் புடிச்சுட்டா. இன்னொண்ணு எனக்குச் சர்க்கரைத் தண்ணி குடுத்துச்சு." தெருவில் நின்ற வண்டியைக் காட்டினார். "பெயிண்டர் கேக்குறான், எழுத்தத் திருத்தட்டுமான்னு. உங்களக் கேக்காம எப்படித் திருத்துறது? அதான் வந்தேன்."

வெளியே போய்ப் பார்த்தேன். சிவப்பு வெளுத்திருந்தாலும் படிக்க முடிந்தது. கதவைச் சாத்தித் திறந்து பார்த்தேன். கீல் தொங்கவில்லை. ஜன்னல் ஓரம் அருள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுந்தரம் சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பேச முயன்றார், வார்த்தை வரவில்லை.

எழுத்தை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். சாரின் வலது கை மடியில்தான் கிடந்தது.